ஓனர் பேங்க் கடன் கட்டாவிட்டால் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? சென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் வாடகையை ஒழுங்காக அனுப்பிவிடுகிறீர்கள். அதை வாங்கும் ஓனர் தன் பேங்க் டியூவைக் கட்டுகிறாரா என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. கட்டவில்லை என்று தெரியவருவது பெரும்பாலும் வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வாடகையை நிறுத்து என்பார் ஒருவர். உடனே காலி செய் என்பார் இன்னொருவர். பேங்க்காரன் ஒன்றும் செய்ய முடியாது, அசையாதே என்பார் மூன்றாமவர். மூன்றுமே உங்களுக்கு நஷ்டம் தரக்கூடிய யோசனைகள்.

முதலில் ஒன்றை மனதில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். கடனில் மூழ்கிய வீட்டைக் காப்பாற்றுவது உங்கள் வேலை இல்லை, உங்களால் முடியவும் முடியாது. நீங்கள் காப்பாற்ற வேண்டியவை இரண்டு: ஓனரிடம் கொடுத்து வைத்திருக்கும் பணம், வேறு வீடு பார்த்துப் போகத் தேவையான அவகாசம். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் நோக்கித்தான். சென்னையை வைத்து எழுதுகிறேன் என்றாலும், சட்டம் தமிழ்நாட்டின் மற்ற நகரங்களுக்கும் ஒன்றுதான்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஈ.சி. பாருங்கள்

ஈ.சி. என்றால் வில்லங்கச் சான்று, ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல். வீடு வாங்குபவர்தான் அதைப் பார்க்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு லட்சம், இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுப்பவரும் பார்க்க வேண்டும். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் மின்னணுச் சேவைகள் என்ற பகுதிக்குள் வில்லங்கச் சான்று இருக்கிறது. கட்டணம் இல்லாமலே விவரத்தைப் பார்வையிடலாம். சர்வே எண் தெரிந்தால் அதை வைத்துத் தேடலாம். தெரியாவிட்டால் ஓனரிடம் கிரயப் பத்திரத்தின் எண், ஆண்டு, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்ற மூன்று விவரங்களை மட்டும் கேளுங்கள். பத்திரத்தின் நகலைக் கேட்டால் தயங்குகிற ஓனர்கூட இந்த மூன்றையும் சொல்லிவிடுவார். இதற்கே எரிந்து விழுகிறவர் என்றால் வேறு வீடு பார்ப்பது நல்லது.

திரையில் வரும் பட்டியலில் ஒவ்வொரு பதிவுக்கும் ஆவண எண், தேதிகள், ஆவணத்தின் தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், கைமாற்றுத் தொகை என்று வரிசையாக இருக்கும். எழுதிக்கொடுத்தவர் இடத்தில் ஓனர் பெயரும், எழுதிவாங்கியவர் இடத்தில் ஒரு வங்கியின் அல்லது வீட்டுக்கடன் நிறுவனத்தின் பெயரும், தன்மை என்ற இடத்தில் உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததாகவும் இருந்தால் வீடு அடமானத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிந்தைய தேதியில் அதே வங்கி எழுதிக்கொடுத்த ரசீது ஆவணம் இருந்தால் கடன் தீர்ந்துவிட்டது. ரசீது இல்லாவிட்டால் கடன் இன்னும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடமானம் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு வீட்டை ஒதுக்கத் தேவையில்லை. சென்னையில் பிளாட் வாங்கியவர்களில் ஏராளமானோர் கடனில்தான் வாங்கியிருக்கிறார்கள், வாங்கிய நாளில் வைத்த ஒரே ஒரு அடமானம் இயல்பானது. நான் கவலைப்படுவது வேறு மாதிரியான பட்டியலைப் பார்த்தால்தான். வீட்டுக்கடன் முடிந்து ரசீது வந்திருக்கும், அடுத்த ஆண்டே அதே வீடு பெரிய தொகைக்கு வேறொரு நிதி நிறுவனத்துக்குப் போயிருக்கும், பிறகு இன்னொன்றுக்கு. பெரும்பாலும் அது தொழிலுக்காக வைத்த ஈடு. தொழில் படுத்தால் வீடும் போகும். "ஹவுசிங் லோன் எப்பவோ முடிச்சாச்சு தம்பி" என்று ஓனர் சொல்வது முழு உண்மையாக இருந்தும், வீடு அடமானத்தில் இருக்கக்கூடும். அதனால் வாய்ச்சொல்லை விட ஈ.சி.யை நம்புங்கள்.

லீசு, ஒத்தி, போக்கியம்: இங்கேதான் குடும்பங்கள் பெரிய பணத்தை இழக்கின்றன

மாத வாடகையே வேண்டாம், எட்டு லட்சம் கொடுங்கள், மூன்று வருஷம் இருங்கள், போகும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது சென்னையில் லீசு. மதுரைப் பக்கம் ஒத்தி, கோவைப் பக்கம் போக்கியம். மாதச் சம்பளத்தில் வாடகை கொடுத்து மாளாதவர்களுக்கு இது பெரிய நிம்மதியாகத் தெரியும். நகையை விற்று, ஊரில் கடன் வாங்கி, பி.எஃப். பணத்தை எடுத்து இப்படிக் கொடுக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். மாதாமாதம் வரும் வாடகையை விட்டுவிட்டு மொத்தமாக எட்டு லட்சம் வேண்டும் என்று ஒரு ஓனர் கேட்கிறார் என்றால், அவருக்கு இப்போது மொத்தப் பணம் தேவைப்படுகிறது. மகள் கல்யாணமாக இருக்கலாம், மாடி கட்டுவதாக இருக்கலாம். பேங்க் நெருக்குவதாகவும் இருக்கலாம். கடைசிக் காரணம் என்றால் உங்கள் எட்டு லட்சம் நேராகப் பழைய டியூவுக்குப் போய்விடும்.

சட்டமும் இந்த விஷயத்தில் உங்களுக்குச் சாதகமாக இல்லை. அடமானத்தில் இருக்கும் வீட்டை ஓனர் வாடகைக்கு விடுவதற்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவு சில எல்லைகளைப் போடுகிறது. கட்டடம் என்றால் மூன்று ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடக்கூடாது. நியாயமாகக் கிடைக்கக்கூடிய வாடகை இருக்க வேண்டும். மொத்தத் தொகையாக முன்பணமோ முன்கூட்டிய வாடகையோ வாங்கக்கூடாது. வாடகையே இல்லாமல் மொத்தத் தொகை வாங்கும் லீசு இந்த எல்லைக்குள் அடங்குவது கடினம். அடமானப் பத்திரத்தில் வங்கியின் சம்மதம் இல்லாமல் யாருக்கும் விடக்கூடாது என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். ஆகவே ஏலம் என்று வந்தால், "என் லீசுப் பணத்தைக் கொடுத்தால்தான் காலி செய்வேன்" என்று வங்கியிடம் சொல்ல முடியாது. உங்கள் பணத்துக்குப் பொறுப்பாளி ஓனர் மட்டும்தான். அவரோ கடனில் மூழ்கியவர்.

என் உறுதியான கருத்து இது: ஈ.சி.யில் தீராத அடமானம் தெரிந்தால் அந்த வீட்டை லீசுக்கு எடுக்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கடன் கொடுத்த வங்கியிடமிருந்து எழுத்து மூலமான தடையில்லாச் சான்றை ஓனர் வாங்கித் தரட்டும். பிறகு குத்தகைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். இருபது ரூபாய் பத்திரத்தாளில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு எழுதி பீரோவில் வைப்பது எட்டு லட்சத்துக்குப் பாதுகாப்பு ஆகாது.

வாடகை வீடு என்றால் அட்வான்ஸ் தொகையைக் குறைத்துக் கேளுங்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம், அதாவது 2017ஆம் ஆண்டுச் சட்டம், இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. பத்து மாத அட்வான்ஸ் என்ற பழைய வழக்கத்தை ஓனர்கள் இன்னும் கேட்பார்கள். பேரம் பேசுங்கள். ஓனரிடம் குறைவாக இருக்கும் பணமே குறைவாகப் பறிபோகும் பணம்.

குடிவந்த நாளிலிருந்தே சேர்க்க வேண்டிய தாள்கள்

பிரச்சினை வரும்போது உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, நீங்கள் எந்தத் தேதியிலிருந்து இந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்பது. அதற்கு வாய்மொழியில் பதில் சொன்னால் பயனில்லை. வங்கியிடமிருந்து நோட்டீஸ் வந்த பிறகு தன் உறவினரை வாடகைதாரர் என்று காட்டிக் காலம் கடத்தும் ஓனர்கள் இருக்கிறார்கள். அதனால் உண்மையான வாடகைதாரரையும் வங்கியும் நீதிமன்றமும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

அட்வான்ஸையும் வாடகையையும் வங்கிப் பரிமாற்றமாகவே கொடுங்கள். குறிப்பில் மாதத்தையும் வீட்டு எண்ணையும் எழுதுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். ரெண்டல் அக்ரிமென்ட்டை எழுத்தில் போட்டு, அரசின் வாடகைப் பதிவுத் தளத்தில் பதிவு செய்து அந்தப் பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் இணைப்பு, ஆதார் முகவரி, பிள்ளையின் பள்ளிப் பதிவு, ஆபீசில் எச்.ஆர்.ஏ.வுக்குக் கொடுத்த வாடகை ரசீதுகள் எல்லாம் நீங்கள் அங்கே குடியிருந்ததற்குச் சான்றுதான். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

முன்கூட்டியே தெரியும் அறிகுறிகள்

ஓனர் பெயருக்கு ஒரே வங்கியிலிருந்து ஸ்பீட் போஸ்ட் அடிக்கடி வரும். யாரோ இரண்டு பேர் பைக்கில் வந்து ஓனர் எங்கே, எப்போது வருவார் என்று விசாரிப்பார்கள். வீட்டைப் போட்டோ எடுப்பார்கள். இதுவரை ஒரு வங்கிக் கணக்குக்குப் போன வாடகையை இனி தங்கை கணக்குக்குப் போடச் சொல்வார் ஓனர். அல்லது ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடுத்தால் குறைத்துக்கொள்கிறேன் என்பார். வாடகையை லீசாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பார். இதில் ஒன்று மட்டும் நடந்தால் அதை வைத்துப் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் ஈ.சி.யை மறுபடி ஒரு முறை எடுத்துப் பாருங்கள், மொத்தப் பணம் எதுவும் புதிதாகக் கொடுக்காதீர்கள்.

வசூல் ஆட்கள் உங்களிடம் பேசினால் மரியாதையாக, சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். நீங்கள் கடனாளியும் இல்லை, ஜாமீன்தாரரும் இல்லை. எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களை வெளியேற்றும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது.

நோட்டீஸ் வந்துவிட்டதா? எந்தக் கட்டம் என்று முதலில் பாருங்கள்

வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் பெரும்பாலும் சர்ஃபேசி என்று சொல்லப்படும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் நடவடிக்கை எடுக்கின்றன. அதில் வீட்டைப் பிடிக்க முதலில் சிவில் கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை. தனியாரிடம் வாங்கிய அடமானக் கடன் என்றால் அவர் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தீர்ப்பாணை (டிகிரி) வாங்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். இங்கே பேசுவது வங்கியைப் பற்றி.

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடன் ஆகிறது. அதன் பிறகு வங்கி 13(2) பிரிவின் கீழ் ஓனருக்கு நோட்டீஸ் அனுப்பி, 60 நாளில் முழுக் கடனையும் கட்டச் சொல்லும். இது ஓனருக்கும் ஜாமீன்தாரருக்கும் போவது, உங்களுக்கு வராது. ஆனால் இந்த நோட்டீஸின் தேதிதான் உங்கள் வாழ்க்கையில் மிக முக்கியமான தேதி. இதற்குப் பிறகு வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஓனர் வீட்டை யாருக்கும் வாடகைக்கோ குத்தகைக்கோ விடக்கூடாது என்கிறது 13(13) பிரிவு. நோட்டீஸை வாங்கி வைத்துக்கொண்டே உங்களிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் உங்கள் நிலை மிகவும் பலவீனம்.

அறுபது நாளிலும் பணம் வராவிட்டால் 13(4) பிரிவின் கீழ் சுவாதீன அறிவிப்பு, அதாவது வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் அறிவிப்பு. இதைத்தான் வாசலில் ஒட்டுவார்கள். வெள்ளைத் தாளில் மேலே வங்கியின் பெயர், கீழே அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியின் கையெழுத்து, முத்திரை. நடுவில் கடனாளியின் பெயர், கேட்ட தொகை, 13(2) நோட்டீஸின் தேதி, சொத்தின் நான்கு எல்லைகள். பொதுமக்கள் இந்தச் சொத்து தொடர்பாக எந்தப் பரிவர்த்தனையும் செய்ய வேண்டாம் என்ற எச்சரிக்கையும் இருக்கும். ஏழு நாளுக்குள் இரண்டு செய்தித்தாள்களில், அதில் ஒன்று உள்ளூர் மொழியில், இதே அறிவிப்பு வர வேண்டும். பெரும்பாலும் இது காகித அளவிலான சுவாதீனம்தான். சாவி இன்னும் உங்களிடம் இருக்கும், நீங்கள் அன்றே வெளியேறத் தேவையில்லை.

அடுத்து இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கும், எது முதலில் என்று சொல்ல முடியாது. ஒன்று ஏலம். விற்பனை அறிவிப்பு வெளியான பிறகு, முதல் ஏலம் என்றால், 30 நாளாவது கழித்துத்தான் விற்க முடியும். அரசு வங்கிகளின் ஏலங்கள் பேங்க்நெட் தளத்தில் வருகின்றன. வீட்டின் பகுதியைப் போட்டு வாரம் ஒரு முறை தேடுங்கள். மற்றொன்று நேரடியாக வீட்டைக் கைப்பற்றுவது. அதற்கு வங்கி 14ஆம் பிரிவின் கீழ் மனுப் போடும். சென்னை மாநகருக்கு எழும்பூரில் இருக்கும் தலைமைப் பெருநகர நீதித்துறை நடுவர். செங்கல்பட்டு, திருவள்ளூர் போன்ற மாவட்டங்களில் கலெக்டர் அல்லது தலைமை நீதித்துறை நடுவர். மனுவின் மேல் 30 நாளில் உத்தரவு வர வேண்டும், அதிகபட்சம் 60 நாள். உத்தரவு வந்தால், வீட்டைக் கைப்பற்ற நியமிக்கப்படும் வக்கீல் ஆணையர் போலீஸ் பாதுகாப்போடு வருவார். இந்தக் கட்டம் வரை காத்திருக்கவே கூடாது.

நடுவில் ஓனர் பணத்தைப் புரட்டிக் கட்டிவிட்டால் எல்லாம் நின்றுவிடும். ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பு வரை அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. சமரசத் தொகை பேசி முடிப்பதும் நடக்கும். "ஒரு மாசத்துல செட்டில் பண்ணிடறேன்" என்று அவர் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அந்த ஒரு மாதத்தை நம்பி நீங்கள் வேறு வீடு தேடாமல் இருக்கவும் வேண்டாம்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

நோட்டீஸைக் கிழிக்காதீர்கள். ஓனரே கிழிக்கச் சொன்னாலும் செய்யாதீர்கள். தேதி தெரிகிற மாதிரி எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுங்கள். பிறகு ஓனரிடம் பேசுங்கள். சண்டைக்குப் போனால் போனை எடுப்பதையே நிறுத்திவிடுவார். கடனில் இருப்பவருக்கு வெட்கமும் பயமும் அதிகம்.

"அண்ணே, கதவுல பேங்க் நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. உங்களக் குத்தம் சொல்ல வரல. பிள்ளைங்க ஸ்கூல் இருக்கு, நாங்க பிளான் பண்ணிக்கணும். எந்த பேங்க், எவ்வளவு பாக்கி, கட்டுற மாதிரி வழி இருக்கா? இல்லன்னா எங்க அட்வான்ஸ மாசாமாசம் வாடகையில கழிச்சுக்கலாமா? ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்கண்ணே." இப்படி ஆரம்பித்தால் பல ஓனர்கள் இறங்கி வருவார்கள். பேசியதைச் சுருக்கி அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் சரி என்று பதில் போட வையுங்கள்.

அடுத்து, நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு ஒரு கடிதம். பலர் இதைச் செய்வதே இல்லை. வீட்டில் ஒரு வாடகைதாரர் இருக்கிறார் என்பதே வங்கியின் கோப்பில் இருக்காது. காலி வீடு அல்லது ஓனர் குடியிருக்கும் வீடு என்று நினைத்தே 14ஆம் பிரிவு மனுவைத் தயாரித்துவிடுவார்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, மேற்கண்ட முகவரியில் இன்ன தேதி முதல் மாதம் இவ்வளவு ரூபாய் வாடகைக்குக் குடும்பத்தோடு குடியிருக்கிறேன். அட்வான்ஸ் இவ்வளவு ரூபாய் வீட்டின் உரிமையாளரிடம் உள்ளது. இன்ன தேதியிட்ட தங்கள் சுவாதீன அறிவிப்பைப் பார்த்தேன். இந்தக் கடனுக்கும் எனக்கும் தொடர்பு இல்லை. வாடகை ஒப்பந்தம், வாடகை செலுத்தியதற்கான வங்கிக் கணக்கு விவரம், முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை எதுவாயினும் எனக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்குமாறும், வேறு வீடு பார்க்க இன்ன தேதி வரை அவகாசம் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

இதை ஸ்பீட் போஸ்ட்டில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். ஒரு பிரதியை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள். கேட்கும் அவகாசத்துக்கு ஒரு காரணம் சொல்லுங்கள்: பிள்ளையின் முழு ஆண்டுத் தேர்வு, வீட்டில் பிரசவம், வயதானவரின் ஆபரேஷன். வழக்கும் போலீசும் இல்லாமல் வீடு காலியாகக் கிடைப்பது வங்கிக்கும் லாபம். அதனால் தேதி போட்டு எழுதிக் கேட்பவருக்கு அவகாசம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

வாடகையை நிறுத்தாதீர்கள்

இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தால் அதுவே உங்களைக் காலி செய்யச் சொல்ல ஓனருக்குச் சட்டப்படி காரணமாகிவிடும். பாக்கி வைத்த வாடகைதாரர் என்ற பெயரோடு எங்கே போய் நின்றாலும் உங்கள் பேச்சு எடுபடாது. கதவில் நோட்டீஸ் ஒட்டியதாலேயே வாடகை வங்கிக்குப் போக வேண்டியதாகிவிடாது. வங்கி உங்கள் பெயருக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, இனி வாடகையை இந்தக் கடன் கணக்கில் கட்டுங்கள் என்று கேட்டால் நிலைமை மாறுகிறது. அந்தக் கடிதம் உண்மையா என்று கிளைக்கு நேரில் போய் உறுதி செய்யுங்கள், ஓனருக்கு அதன் நகலை அனுப்புங்கள், பிறகு கட்டுங்கள். வாசலில் வந்து நிற்கும் வசூல் ஆளின் கூகுள் பே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஓனரும் வேண்டும் என்கிறார், வங்கியும் வேண்டும் என்கிறது என்று இழுபறியானால் வாடகைத் தகராறுகளைக் கவனிக்கும் அரசு அதிகாரியான வாடகை அதிகாரியிடம் வாடகையைச் செலுத்த 2017 சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு ஒரு வக்கீலின் உதவியோடு போவது நல்லது.

அட்வான்ஸைப் பொறுத்தவரை, மாத வாடகையில் கழித்துக்கொள்வதுதான் நடைமுறையில் கைகொடுக்கும் வழி. ஓனரின் எழுத்துச் சம்மதம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். காலி செய்த பிறகு தருகிறேன் என்ற வாக்குறுதிக்கு, வீடே கைவிட்டுப் போகும் நிலையில் இருப்பவரிடம் மதிப்பு குறைவு. வங்கி கடிதம் கொடுத்த பிறகு இப்படிக் கழிப்பதில் சிக்கல் வரும் என்பதால், பேச்சை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, கரன்ட்டைத் துண்டிப்பது போன்ற வழிகளில் உங்களை விரட்டப் பார்த்தால் அது சட்டவிரோதம். வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம்.

அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க உரிமை உண்டா?

இதற்கு விடை தேதிகளில் இருக்கிறது. வங்கிக்கு அடமானம் வைப்பதற்கு முன்பே நீங்கள் பதிவு செய்த குத்தகைப் பத்திரத்தோடு இருந்தீர்கள் என்றால், குத்தகைக் காலம் முடியும் வரை உங்கள் உரிமைக்கு மதிப்பு உண்டு. 2014இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அடமானத்துக்குப் பிறகு, 13(2) நோட்டீசுக்கு முன்பு வந்தவர் என்றால், மேலே சொன்ன 65ஏ பிரிவின் எல்லைக்குள் உங்கள் குத்தகை இருக்க வேண்டும், அடமானப் பத்திரத்தின் நிபந்தனைக்கும் முரணாக இருக்கக்கூடாது. நோட்டீசுக்குப் பிறகு வந்தவருக்குப் பாதுகாப்பு கிட்டத்தட்ட இல்லை.

2016 ஜனவரியில் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, வாடகைதாரரைத் தொடவே முடியாது என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பைப் பற்றியது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 2019இல் போய்விட்டது. அதே 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும், பதிவு செய்யாத ஒப்பந்தத்தையோ வாய்மொழி ஏற்பாட்டையோ மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருக்க உரிமை கோர முடியாது என்று சொல்லிவிட்டது. சென்னையில் வழக்கமாகப் போடும் பதினோரு மாத அக்ரிமென்ட்காரருக்கு ஆகக்கூடி கிடைப்பது கொஞ்சம் அவகாசம்தான். இதைச் சொல்வது கடினமாக இருந்தாலும், பொய்யான தைரியத்தில் இருந்துவிட்டுப் போலீஸ் வரும் நாளில் நடுத்தெருவில் நிற்பதை விட இப்போதே தெரிந்துகொள்வது மேல்.

வீடு மாறும்போது

ஆடியில் வீடு மாற மாட்டோம், மார்கழியில் பால் காய்ச்ச மாட்டோம் என்ற வழக்கத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் 14ஆம் பிரிவு உத்தரவு மாதம் பார்த்து வராது. மாதம் சரியில்லை என்றால் முன்கூட்டியே ஒரு நல்ல நாளில் புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டு, சாமானைப் பிறகு கொண்டுபோங்கள்.

நோட்டீஸ் ஒட்டிய வாரத்திலேயே சான்றிதழ்கள், பாஸ்போர்ட், நகை, மருத்துவ ரிப்போர்ட்டுகளை நம்பகமான உறவினர் வீட்டிலோ லாக்கரிலோ வைத்துவிடுங்கள். ஆணையர் வரும் நாளில் நீங்கள் வேலைக்குப் போயிருந்தால் பூட்டை உடைத்து, உள்ளே இருப்பவற்றைப் பட்டியல் போட்டு, வீட்டுக்குச் சீல் வைப்பார்கள். பிறகு உங்கள் பீரோவை நீங்களே எடுக்க மனுப் போட்டு அலைய வேண்டிவரும்.

காலி செய்யும்போது அறை அறையாக வீடியோ எடுங்கள், கரன்ட் மீட்டர் எண்ணையும் சேர்த்து. சாவியை ஓனரிடம் கொடுத்தால், வீட்டை ஒப்படைத்த தேதியும் திரும்ப வர வேண்டிய அட்வான்ஸ் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நீதிமன்ற உத்தரவின் பேரில் என்றால் ஆணையரிடமோ வங்கி அதிகாரியிடமோ கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சட்டப்படி அட்வான்ஸ் ஒரு மாதத்துக்குள் திரும்ப வர வேண்டும்.

எங்கே போய் முறையிடுவது

சர்ஃபேசி நடவடிக்கையை எதிர்த்துச் சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது. கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. கடன் வாங்காத வாடகைதாரரும் 17ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்யலாம். நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் போக வேண்டும். உங்கள் குத்தகை செல்லுமா என்று ஆராயும் அதிகாரம் 2016இல் வந்த திருத்தத்தால் அந்தத் தீர்ப்பாயத்துக்கு இருக்கிறது. பதிவு செய்த பழைய குத்தகை உள்ளவர்கள் தயங்காமல் போகலாம். பதினோரு மாத அக்ரிமென்ட்டோடு இருப்பவர், வக்கீல் செலவையும் கிடைக்கப்போகும் அவகாசத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். என் யோசனை, பெரும்பாலானோர் அந்தச் செலவைப் புது வீட்டு அட்வான்ஸுக்கு வைத்துக்கொள்வதுதான்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு என்பதால், அக்ரிமென்ட் மனைவி அல்லது அம்மா பெயரில் இருந்தால் அவரே மனுதாரராகப் போகலாம்.

13(2) நோட்டீஸ் கையில் இருக்கும்போதே அதை மறைத்து லீசுப் பணம் வாங்கிய ஓனர் மேல் மோசடிப் புகார் கொடுக்க முடியும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு இதற்குப் பொருந்தக்கூடும். புகாரோடு மூன்று தாள்களைச் சேர்த்து வையுங்கள்: பணம் கொடுத்த தேதி தெரியும் வங்கிக் கணக்கு விவரம், லீசுப் பத்திரம், 13(2) நோட்டீஸின் தேதி அச்சாகியிருக்கும் சுவாதீன அறிவிப்பின் போட்டோ. உள்ளூர் ஸ்டேஷனில் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பினால் மனு ஏற்புச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதே மனுவைக் கமிஷனர் அலுவலகத்தில் கொடுங்கள். ஒரே ஓனர் பலரிடம் இப்படி வாங்கியிருந்தால், அந்தக் கட்டடத்தில் உள்ள மற்ற வாடகைதாரர்களும் அன்றே தங்கள் மனுக்களோடு உங்களுடன் வரட்டும்.